அரை நாளில் கிளட்ச் மாற்றுகிறவர்

மெக்கானிக்கிடம் காரை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிடத் தெரியாத ஓர் இனம் நம் டெல்டாவில் செழித்து வளர்கிறது. குறுவை பொய்த்தாலும் இவர்கள் பொய்ப்பதில்லை. பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். என்றைக்கோ ஒரு நாள் வயல் பம்புசெட்டைத் தானே கழற்றித் தானே மாட்டியவர்கள். மாட்டியது ஓடியும் தொலைத்தது. அன்றைக்கே அந்த மோட்டார் புகைந்து போயிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கும்.

உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார். எங்கள் தெருவில் இருப்பவர் நெடுஞ்செழியன். மன்னார்குடிக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் நெல், பத்து வருஷம் ஓடிய ஒரு வெள்ளைக் கார். எங்கள் ஊரில் மேடு என்றால் வாய்க்கால் பாலம் ஒன்றுதான். அதில் ஏறுவதற்கே இன்ஜின் கத்த, கார் மட்டும் மெதுவாக நடந்து வந்தது. மெக்கானிக் சலாஹுதீன் ஓட்டிப் பார்த்தார்.

"கிளட்ச் பிளேட்டு முடிஞ்சு போச்சுங்க. விட்டுட்டுப் போங்க, நாளைக்கு சாயங்காலம் எடுத்துக்கலாம்."

நீங்களும் நானும் என்றால் சாவியைக் கொடுத்திருப்போம். இந்த இனத்துக்கோ அது தன்மானப் பிரச்சினை. "விட்டுட்டுப் போன்னா என்ன அர்த்தம்? நாம பாக்கக் கூடாதுன்னு அர்த்தம்" என்று எனக்கு விளக்கினார். புது பிளேட்டைத் தானே வாங்கி வந்தார். மூன்று வீடியோ பார்த்தார். மூன்றும் அவருக்குத் தெரியாத மொழியில். பார்த்து முடித்ததும் சொன்னார்: "அரை நாள் வேலைங்க இது."

எந்த நாளின் எந்த அரை என்று மட்டும் இவர்கள் சொல்லவே மாட்டார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கீழ்வேளூரில் அவர் மனைவி அம்சத்தின் தம்பி தமிழரசனுக்குப் புதுமனை புகுவிழா. வரப்புத் தகராறில் நாலு வருஷம் முகம் கொடுத்துப் பேசாத தம்பி, தானே நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து, "நீ வந்து பால் காய்ச்சுனாதான்க்கா நான் உள்ள போவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அம்சம் அன்று முழுக்க அழுதுகொண்டே சமைத்தார். அந்தப் பால் பொங்குவது இப்போது ஒரு கிளட்ச் பிளேட்டை நம்பி இருந்தது.

"திங்கக்கிழமை வண்டி ஓடுமாங்க?"

"அரை நாள் வேலை அம்சம்."

"ஓடுமான்னு கேட்டேன்."

"ஓடாம?"

அம்சம் உள்ளே போனார். இவர் கைலியை மடித்துக் கட்டினார். என் ஜாக்கியை வாங்கி முன்பக்கத்தைத் தூக்கி, தென்னங்கட்டைகளை முட்டுக் கொடுத்து, கியர்பாக்ஸ் இறங்குவதற்கு மெத்தையாக உமி மூட்டை போட்டு, கழற்றிய போல்ட்டுகளை இட்லித் தட்டின் குழிகளில் வரிசை மாறாமல் அடுக்கி, எனக்கு டார்ச் பிடிக்கத் தெரியவில்லை என்று என்னைத் திட்டி, வெள்ளிக்கிழமையை முடித்தார். சனிக்கிழமை காலை அந்த வீட்டில் உப்புமா. சனிக்கிழமை முழுக்கக் கியர்பாக்ஸ் இறங்கியது. இறங்கியதில் பாதி என் முழங்கை மேல்.

ஞாயிற்றுக்கிழமை புது பிளேட்டைப் பிரித்துத் தடவிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "காஞ்சு கெடக்கு பாருங்க." பம்புசெட்டில் எது காய்ந்து கிடந்தாலும் இவர் கிரீஸ் வைப்பார். இங்கேயும் வைத்தார். இரண்டு பக்கமும், பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற பரிவோடு வைத்தார். கிளட்ச் பிளேட் என்பது உரசிப் பிடிப்பதற்காக உள்ள சாமான், வழுக்குவதற்கு அல்ல என்பது அப்போது எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன? அவர் கேட்கிற ஆளா?

சாயங்காலம் எல்லாவற்றையும் ஏற்றி மாட்டி ஸ்டார்ட் செய்தார். முதல் கியர். இன்ஜின் அலறியது, கார் அசையவில்லை. இரண்டாவது கியர். அலறல் மட்டும் கூடியது.

"செட் ஆவணும்" என்றார். தோற்றுவிட்டேன் என்பதற்கு இவர்கள் பாஷையில் இதுதான் வார்த்தை.

அப்போது சலாஹுதீன் வந்து நின்றார். யார் கூப்பிட்டது என்று தெரியவில்லை. குனிந்து பார்த்து, அடியில் வழிந்திருந்ததை விரலால் தொட்டார்.

"பிளேட்டுல யாருங்க கிரீஸ் வச்சது?"

"கம்பெனிலேருந்தே அப்படித்தான் வந்துச்சு."

சலாஹுதீன் சிரிக்கவில்லை. தொழில் தெரிந்த மனுஷர். "மறுபடி எறக்கணும். நாளைக்குள்ள ஆவாதுங்க" என்றார்.

எனக்கு அம்சத்தின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவரோ நிதானமாக வாசலுக்கு வந்து சலாஹுதீனிடம், "தம்பி, மூணரைக்கு வண்டி வந்துடுமில்ல?" என்றார்.

"வந்துடும்க்கா. டிரைவர்ட்ட சொல்லிட்டேன்."

"எந்த வண்டி?" என்றார் நெடுஞ்செழியன்.

"வாடகைக் காரு. வெள்ளிக்கிழமையே சொல்லி வச்சுட்டேன். நீங்க கைலிய மடிச்சுக் கட்டுனீங்கல்ல, அப்பவே."

திங்கட்கிழமை நாங்கள் எல்லோரும் அந்த வாடகைக் காரில்தான் போனோம். முன் சீட்டில் உட்கார்ந்த நம்மவர், "கிளட்ச்சு மேலயே காலை வச்சிருக்காதீங்க தம்பி, பிளேட்டு தேஞ்சுடும்" என்று கீழ்வேளூர் வரைக்கும் டிரைவருக்குப் பாடம் எடுத்தார். ஐந்து மணிக்குப் பால் பொங்கியது. தமிழரசன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் விம்மி அழுதான். நானும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நெடுஞ்செழியனைத் தேடினால் ஆளைக் காணோம். கொல்லைப்பக்கம், தண்ணீர்த் தொட்டி மோட்டாரிடம் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

"சத்தம் சரியில்லைங்க. ஒரு ஸ்பேனர் கிடைக்குமா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியாக நீங்கள் வீட்டில் எதையோ கழற்ற உட்கார்ந்தபோது வீட்டம்மா தடுக்கவே இல்லை, நம் கைவேலை மேல் இத்தனை நம்பிக்கையா என்று பூரித்துப் போனீர்கள் அல்லவா? அந்த நேரத்தில் அவர் உள்ளே யாருக்குப் போன் செய்துகொண்டிருந்தார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.