லாடம் பாயும் எருமைத்தோல் டயரும்

என்னிடம் ஒரு பழைய டைரி இருக்கிறது. அதில் ஓர் ஆவணி மாத வெள்ளிக்கிழமைக்கு நேரே நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்: "சத்துவாச்சாரி. டயர். நாய்கள். சம்மதம்." அட்டையையும் ஆண்டையும் சேர்த்துக் கரையான் தின்றுவிட்டது. தேதியும் கிழமையும் இருக்கும்போது பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆண்டைக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தேன். இரண்டு ஆண்டுகள் பொருந்துகின்றன. என் மனைவி மூன்றாவது ஓர் ஆண்டைச் சொல்லி, அதிலிருந்து இறங்க மறுக்கிறாள். ஆகவே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம்.

அந்த நான்கு சொற்களுக்கும் காரணம் லாடம் பாய். மோட்டார் கார் என்பது ஒரு வகை மாடு என்று நம்பி, எத்தனை பேர் எடுத்துச் சொல்லியும் அந்த நம்பிக்கையை விட்டுக்கொடுக்காத மனிதர் இந்தப் பூமியில் அவர் ஒருவர்தான்.

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் சாலையில், மாதனூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் இருந்தது அவருடைய தொழில். வண்டி மாடுகளைக் கீழே சாய்த்து, நான்கு கால்களையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி, குளம்பில் லாடம் அடிப்பார். ஆலங்காயம் பக்கத்திலிருந்து பச்சைத்தோல் ஏற்றி வரும் வண்டிகள் எல்லாம் அவரிடம் நின்றுதான் போகும். பிறகு அந்தச் சாலையில் கார்கள் வந்தன. வந்த கார்கள் அவர் கடைக்குப் பக்கத்திலேயே நின்றுபோகத் தொடங்கின. மாட்டைத் தெரிந்தவருக்கு இது தெரியாதா என்று அவரும் எழுந்து வந்தார்.

கார் நின்றால் முதலில் ரேடியேட்டரின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார்.

"காய்ச்சல் அடிக்குதே. தண்ணி காட்டினீங்களா?"

அடுத்து டிரைவரிடம், "எத்தனை பல்லு?"

"பல்லா? போன வருஷம் வாங்கின வண்டி பாய்."

"அப்ப கன்னுக்குட்டி. அதும்மேல இத்தினி பேரு ஏறி உக்காந்துனு வர்றீங்க. அல்லா கேக்க மாட்டாரா?"

பிறகு கயிற்றை எடுத்து முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார். கட்டாமல் எந்தக் காரையும் தொடமாட்டார். "உதைக்கும்" என்பதுதான் அவர் சொல்லும் காரணம். ஒருமுறை ஒரு டிரைவர் சிரித்துக்கொண்டே இன்ஜினைக் கிளப்ப முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்ற, அது திருப்பி அடித்து அவன் மணிக்கட்டு வீங்கிவிட்டது. லாடம் பாய் ஊர் முழுக்க அதைச் சொன்னார். அன்றிலிருந்து அவருடைய கொள்கையை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் இல்லை.

காரை இழுத்துப் போகவேண்டி வந்தால் தன் இரண்டு மாடுகளையும் பூட்டுவார். அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். இழுக்கப்படும் காரில் ஒருவரும் உட்காரக் கூடாது. டிரைவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்து வரலாம். மற்றவர்கள் பின்னால். ஆலங்காயத்துப் பக்கத்து மிட்டாதார் ஒருவர், வெள்ளிப் பூண் போட்ட தடியும் ஜரிகைத் தலைப்பாகையுமாக, "நான் யார் தெரியுமா?" என்று கேட்டாராம்.

"தெரியும்ங்க. நல்லா நடக்கக்கூடியவரு மாதிரி தெரியுது" என்றார் பாய். "சீக்கு வந்து விழுந்த மாட்டுமேல யாராச்சும் சவாரி போவாங்களா? நடங்க எஜமான், பசியெடுக்கும்."

மிட்டாதார் ஆம்பூர் வரை நடந்தார். தோல் பதனிடும் டேனரி ஒன்றின் வாசலில் நின்றுகொண்டிருந்த நான் அதைக் கண்ணால் பார்த்தேன். காருக்குப் பின்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர் வந்தபோது, யாரோ பெரிய மனிதர் செத்துப்போனார் என்று எங்கள் வாட்ச்மேன் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

நான் அப்போது அந்த டேனரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புத் தொட்டிக்கும் ஆவாரம்பட்டைக் கிடங்குக்கும் நடுவில் என் மேஜை. அந்த நாற்றம் எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வெளியூர்க்காரர்கள் ரயிலில் ஆம்பூர் வரும்போது ஜன்னலை மூடுவதை, காற்று ஜாஸ்தி போலிருக்கிறது என்றே நினைத்துக்கொள்வோம்.

ஆனால் பெண் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது. முதலில் பார்த்த இடத்தில் ஜாதகம் சரியில்லை என்றார்கள். அடுத்த இடத்தில் அந்த நாகரிகமும் இல்லை. பெண்ணின் தாயார் நான் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க ஓர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே இருந்தார். எனக்காக ஊர் ஊராக அலைந்த சித்தப்பா அன்று திரும்பும்போது சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு எடம் பாக்குறேன். அதுவும் போச்சுன்னா, நீ தோலையே கட்டிக்கினு குடும்பம் நடத்து."

அந்த ஒரே ஓர் இடம்தான் சத்துவாச்சாரி. அப்போது அது வேலூருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் ஒரு கிராமம். பெண்ணின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். சித்தப்பா இந்தமுறை ஏற்பாடுகளைப் பலமாகச் செய்தார். மாப்பிள்ளைக்கு ஆம்பூரில் "ஏற்றுமதிக் கம்பெனி"யில் வேலை என்று மட்டும் சொல்லிவைத்தார். தோல் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. முதலாளியிடம் கெஞ்சி அவருடைய காரை இரவல் வாங்கினார். புறப்படும் காலையில் என் கழுத்து, காது, அக்குள் எல்லா இடத்திலும் ஜவ்வாதைப் பூசினார். டிரைவர் மாணிக்கம் இரண்டு தும்மல் போட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

மாதனூர் தாண்டியதும் டயர் வெடித்தது.

ஸ்டெப்னி பழுதுபார்க்க வேலூர் போயிருந்தது. சித்தப்பா பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். எதிரே புளியமரத்தடியிலிருந்து லாடம் பாய் கயிற்றோடு வந்துகொண்டிருந்தார்.

புறங்கையை வைத்துப் பார்த்தார். சக்கரங்களைக் கட்டினார். டயரில் குத்தியிருந்த ஆணியைக் குறட்டால் பிடுங்கி, வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். மாணிக்கம் டியூபுக்கு ஒட்டுப்போட்டுவிட்டான். ஆனால் டயர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து வாய் பிளந்திருந்தது.

"இது டயர் இல்ல, குளம்பு வெடிப்பு" என்றார் பாய். "கட்டுப் போட்டுட்டா நடக்கும்."

அந்த நேரத்தில் ஆம்பூருக்குத் தோல் ஏற்றிய வண்டி ஒன்று வந்தது. அதிலிருந்து ஈரமான எருமைத்தோல் ஒன்றை உருவினார். நீளவாட்டில் வார் வாராக அறுத்து, டயரையும் சக்கரத்தின் கம்பிகளையும் சேர்த்துச் சுற்றிச் சுற்றி இழுத்துக் கட்டினார். ஈரத்தோல் காயக் காய இறுகும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சிரமம் என்னவென்றால், வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும்.

"அதனால நானும் வர்றேன்" என்றார், ஒரு குடம் தண்ணீரோடு ஃபுட்போர்டில் ஏறிக்கொண்டு. "போறப்போ ஊத்திக்கினே வரணும்." பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். "பெரியவரே, நீங்க கொஞ்சம் கனம். நோவு இருக்கிற கால் பக்கம் உக்காராதீங்க. அந்தாண்ட போங்க."

சித்தப்பா அந்தாண்ட போனார்.

பதப்படுத்தாத எருமைத்தோல் வெயிலில் தண்ணீர் பட்டுப்பட்டு உருண்டால் என்ன ஆகும் என்பதை அந்தக் காரில் இருந்த ஒருவரும் யோசிக்கவில்லை. காரணம் நான் முன்பே சொன்னதுதான். எங்கள் நால்வர் மூக்குக்கும் அது காற்று.

நாய்களுக்கு அப்படி இல்லை. பள்ளிகொண்டாவில் மூன்று நாய்கள் சேர்ந்தன. அடுத்த ஊரில் அவற்றின் உறவினர்கள் சேர்ந்தார்கள். வேலூர் கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது எங்களுக்குப் பின்னால் ஓர் ஊர்வலமே வந்தது. கோட்டைப் பக்கம் வெறுமனே படுத்திருந்த நாய்கள்கூட வேலை கிடைத்தது போல எழுந்து ஓடிவந்தன. ஜனங்கள் கடையை விட்டு இறங்கிப் பார்த்தார்கள்.

"பாய், இங்கயே எறங்கிக்குங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று சித்தப்பா கும்பிட்டார்.

"பேஷன்ட்ட பாதி வழியில விட்டுட்டு டாக்டர் எறங்குவாரா? இன்னா பேச்சு பேசுறீங்க!" என்று பாய் தண்ணீர் ஊற்றினார்.

பெண் வீட்டு வாசலில் கார் நின்றது. நாய்கள் அதைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தன. வாத்தியார் குடையை ஓங்கிக்கொண்டு வெளியே வந்தார். சித்தப்பா பழத்தட்டை நீட்டுவதற்குள் லாடம் பாய் ஃபுட்போர்டிலிருந்து குதித்து சலாம் போட்டார்.

"கொஞ்சம் தண்ணி வேணும் சார். தோல் காயுது."

"தோலா? என்ன தோல்?"

"எருமைத்தோல் சார். ஃபஸ்ட் கிளாஸ் சரக்கு. மாப்ளையக் கேளுங்க, அவரு டேனரியில தானே கணக்கு எழுதுறாரு?"

சித்தப்பாவின் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. அவர் இப்போது இல்லை. வாத்தியார் குடையை மெதுவாக இறக்கி என்னைப் பார்த்தார்.

"ஏற்றுமதிக் கம்பெனின்னு சொன்னாங்களே?"

"ஏற்றுமதி உண்டுங்க" என்றேன். "தோல்தான் ஏற்றுமதி."

அதற்குள் உள்ளேயிருந்து குடத்தோடு ஒரு பெண் வந்துவிட்டாள். பெண் பார்க்க வந்த அன்று பெண் இப்படி வாசலுக்கு வரக்கூடாது. ஆனால் தண்ணீர் கேட்டால் கொடுப்பது அந்த வீட்டில் அவள் வேலை. முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள். எனக்கு அந்த எலுமிச்சம்பழம் நினைவுக்கு வந்தது. முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டேன்.

"பாய், உங்க ஊர்ல எப்பவுமே இப்பிடித்தான் நாறுமா?" என்று கேட்டாள்.

"நாத்தமா? எங்கம்மா?" பாய் நிஜமாகவே திடுக்கிட்டார். காற்றை இழுத்துப் பார்த்தார். குனிந்து டயரை முகர்ந்தார். நடுவில் இருந்த ஒரு நாயைச் சந்தேகத்தோடு முகர்ந்தார். கடைசியில் என் தோளருகே வந்து முகர்ந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்வாங்கினார். "சரிதாம்மா. இதோ இவரு மேலதான் இன்னாவோ பூசினு வந்திருக்காரு. பேஜாரா இருக்கு."

அது சித்தப்பாவின் ஜவ்வாது.

அந்தப் பெண் முந்தானையை விட்டுவிட்டுச் சிரித்தாள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். வாத்தியார் "உள்ளே போம்மா" என்றார். அவள் போகாமல், டயரின்மேல் தண்ணீர் ஊற்றுவது எப்படி என்று பாயிடம் கேட்டு, தானே ஊற்றினாள்.

நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டோம். கடிதம் போடுகிறோம் என்று தட்டிக்கழிக்கத் தயாராக வாத்தியார் தொண்டையைக் கனைத்தபோது, உள்ளே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போனார். திரும்பி வந்து, "எம்பொண்ணுக்குச் சம்மதமாம்" என்றார், தனக்கே அது புரியாதவர் போல.

திரும்பும் வழியில் தோல் நன்றாகக் காய்ந்து கல்லாக இறுகிவிட்டது. கட்டின் முடிச்சு ஒவ்வொரு சுற்றுக்கும் சாலையில் இடித்து, தொம் தொம் என்று மேளம் அடித்துக்கொண்டே வந்தது. வழியில் இருந்த ஊர்க்காரர்கள் கல்யாண கோஷ்டி என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். சித்தப்பா பள்ளிகொண்டா தாண்டியதும் தட்டில் மிச்சமிருந்த வாழைப்பழத்தை உரித்து லாடம் பாயிடம் நீட்டினார். அந்தக் கட்டை அவிழ்க்க முடியாமல் முதலாளி பல மாதம் மேளத்தோடுதான் ஊர்வலம் வந்தார் என்பதையும் பதிந்துவிடுகிறேன்.

கல்யாணத்துக்குப் பாய் வந்திருந்தார். நேராக மணமக்களிடம் வரவில்லை. வெளியே நின்ற காரிடம் போய், பானெட்டைத் தட்டி, கட்டை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பந்தலுக்குள் நுழைந்தார்.

பிறகொருநாள் என் மனைவியிடம் கேட்டேன், என்னைப் பார்த்து எப்படிச் சம்மதித்தாய் என்று.

"உங்கள யாரு பாத்தா? அந்தப் பாயத்தான் பாத்துனு இருந்தேன். ஒரு பொய் சொல்லத் தெரியாம நின்னாரே. அவரு இருக்கிற ஊருக்குப் போலாம்னு தோணிச்சு" என்றாள்.

ஒரு விஷயம் மிச்சம். அந்தச் சாலையில் டயர்களைக் குத்தியதில் பெரும்பகுதி மாடுகளின் காலிலிருந்து உதிர்ந்த லாட ஆணிகள்தான் என்பது பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொண்டது. அன்று எங்கள் டயரில் இருந்ததும் அவர் அடித்த ஆணியா? பாய் உயிரோடு இருந்த காலத்தில் ஒருமுறை நேராகவே கேட்டேன். "ஆணியில பேரா எழுதியிருக்கு?" என்று சொல்லிவிட்டுத் தன் மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். அவருடைய இயற்பெயரை அறிந்தவர்கூட எனக்கு அகப்படவில்லை. ஆணியை எங்கே தேடுவது? எனவே அது இன்றுவரை உறுதி செய்யப்படாத செய்தி. எங்கள் வீட்டில் மட்டும், அது அவருடைய ஆணிதான்.