ஆள் உள்ளே இருக்கு, மாப்பிள்ளை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். கம்ப்யூட்டருக்கு மட்டும் கொஞ்சம் சூடு அடிக்கிறது, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நாங்கள் வேர்த்துக்கொண்டு இருக்கிறோம். அங்கே தாங்களும் எங்கள் மகளும் வேர்க்காமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் நாம் பேசுவது தாங்கள் அறிந்ததே. "சாப்டீங்களா மாமா?" "ஆச்சு மாப்பிள்ளை, நீங்க?" "ஆச்சு மாமா." அப்புறம் ஆளுக்கொரு பக்கம் தொண்டையைக் கனைத்துவிட்டு போனைப் பெண்களிடம் கொடுத்துவிடுவோம். கல்யாணமான நாளிலிருந்து இதற்கு மேல் ஒரு வரி நாம் தாண்டியதில்லை. நான் இப்போது சொல்லவேண்டியது அதற்குள் அடங்காது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தங்கள் கப்பல் பத்திரமாக இருக்கிறது. ஒரு கீறல் கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிட்டால் மீதியை மாப்பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாமல் படிப்பார் என்று உங்கள் அத்தை சொன்னாள்.

போன தடவை தாங்கள் வந்தபோது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் பொழுது போகாமல் அடுக்குமாடி லிஃப்டில் ஏறி இறங்கி அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததையும், மேல் மாடிக்காரர் புகார் சொன்னதையும் பார்த்து, மனமிரங்கி, இந்த விண்வெளி விளையாட்டை என் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தீர்கள். சண்டை வேண்டாம் மாமா, தேடிப் போவது என்று ஒரு வேலை இருக்கிறது, அது உங்களுக்குப் பொருந்தும் என்றீர்கள். மூன்று மணி நேரம் சொல்லிக்கொடுத்தீர்கள். அந்த மூன்று மணி நேரமும் மௌஸ் தங்கள் கையில்தான் இருந்தது, ஆனால் அதை நான் குறையாகச் சொல்லவில்லை. போகும்போது தங்கள் முதல் கப்பலை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்து, "மாமா, மத்ததெல்லாம் நகவெட்டின்னு பேர் வச்சுக்கிட்டு விளையாடற ஒரு பாவி கையில வெடிச்சுப் போச்சு. இது ஒண்ணுதான் இதுவரைக்கும் ஒரு அடி வாங்கல. பாத்துக்குங்க" என்றீர்கள். என் கையை விடவே இல்லை. எனக்கு உடனே தங்கள் கல்யாண நாள் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு நானும் இதே மாதிரி தங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "இவளை நாங்க ஒரு சொல் சொன்னதில்ல மாப்பிள்ளை, பாத்துக்குங்க" என்றேன். தாங்கள் வாயைத் திறக்காமல் பத்து தடவை தலையாட்டினீர்கள். என்னடா இது, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று அன்றைக்கு நினைத்தேன். போன மாதம் நானும் பத்து தடவை தலைதான் ஆட்டினேன். பயத்தில் பேச்சு வராது என்று இப்போது தெரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் சொன்னபடி அந்தத் தேடும் உருண்டைகள் எட்டையும் ஏவினேன். எங்கேயோ ஒரு சிக்னல் இருக்கிறது, அதைச் சுற்றி எட்டையும் நிறுத்தி, வட்டத்தைச் சுருக்கிச் சுருக்கி, நூற்றுக்கு நூறு வந்ததும் அங்கே போகவேண்டும். வந்தது. உங்கள் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். சந்தோஷத்தில் உருண்டைகளைத் திரும்பக் கூப்பிடாமல் நான் மட்டும் கிளம்பிப் போய்விட்டேன். எட்டும் அங்கேயே நின்றுவிட்டன. ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை, யாரும் இல்லாத இடத்தில் எட்டும் என்னை எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரியே இருந்தது. மறுநாள் புது உருண்டை எட்டு வாங்கினேன், கூடவே உபரியாக இன்னொரு எட்டு. எங்கள் தொழிலில் எந்தச் சாமானையும் ஒன்றுக்கு இரண்டாகத்தான் பையில் போடுவோம்.

அடுத்தது அந்தப் பெட்டிகள். உடைந்துபோன பழைய நிலையம், சுற்றிலும் பெட்டிகள் மிதக்கின்றன, பூட்டை உடைத்துத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் நமக்கு என்கிறீர்கள். நல்லா இருக்கே மாப்பிள்ளை நியாயம். ஆள் இல்லாத வீட்டுப் பெட்டியை எப்படித் திறப்பது? எல்லாரும் பேசுகிற அந்தப் பேச்சுக் கட்டத்தில் "இந்தப் பெட்டிகள் யாருடையவை? உரியவர் வந்தால் முன்னிலையில் திறக்கலாம்" என்று எழுதிவிட்டு அரை மணி காத்திருந்தேன். யாரோ ஒருவர் சிரிக்கிற பொம்மை அனுப்பினார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு திறந்தேன். முதல் பெட்டி படார் என்று வெடித்தது, இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பெட்டியில் எங்கள் பழைய கண்ட்ரோல் போர்டு மாதிரியே ஒரு வயரிங், கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன், அப்புறம் திறந்துவிட்டேன். உங்கள் அத்தை கைதட்டினாள். முப்பது வருஷம் நான் லிஃப்ட் சரிசெய்ததற்கு அவள் ஒரு தடவை கைதட்டியதில்லை.

இந்தத் தெம்பில்தான் விண்வெளியில் சுழல்கிற அந்த ஓட்டைக்குள்ளே போனேன். போகாதீங்கன்னு நீங்க சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு. தெரியாத மண்டலத்துக்குப் போற ஓட்டை, எப்ப மூடிக்கும்னு சொல்ல முடியாது, பழகினப்புறம் போலாம் மாமான்னீங்க. ஆனா அது முன்னாடி வந்து நின்னு சுழலுது மாப்பிள்ளை. ஒரு வாழ்நாள் பூரா லிஃப்ட் குழிக்குள்ள இறங்கினவன் முன்னாடி போய் ஓட்டையைக் காட்டினா அவன் என்ன பண்ணுவான்?

இப்ப எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. லிஃப்ட் குழிக்குள்ள காலை வைக்கிறதுக்கு முன்னாடி தொண்டை கிழியற மாதிரி "ஆள் உள்ளே இருக்கு"ன்னு கத்தணும். கத்தாம இறங்கினா, மேல யாராவது பொத்தானை அமுக்கிடுவாங்க, கதை முடிஞ்சுது. அதனால எனக்கு எங்க நுழைஞ்சாலும் அது வாயில வந்துரும். வீட்டுக் குளியலறைக்குப் போனாலும் கத்துவேன். உங்க மனைவி படிக்கிற காலத்துல தோழிங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வராததுக்கே அதுதான் காரணம். ஓட்டைக்குள்ள நுழைஞ்சதும் பேச்சுக் கட்டத்தைப் பாத்தேன், ஒரு பேர் இல்ல. சரி, யாரும் இல்ல போலன்னு நினைச்சு, இருந்தாலும் வழக்கத்தை விடக்கூடாதேன்னு எழுதினேன்: "ஆள் உள்ளே இருக்கு. யாரும் எந்தப் பொத்தானையும் அமுக்க வேண்டாம்." எழுதி முடிச்சப்புறம்தான் நீங்க சொன்னது மண்டையில உறைச்சுது. ஓட்டைக்கு அந்தப் பக்கம், வாயைத் திறக்காத வரைக்கும் யார் பேரும் தெரியாது. பேசினாதான் தெரியும். குழிக்குள்ள கத்தினாதான் உயிரு. இங்க கத்தினா உயிரு போச்சு. முப்பது வருஷத்துப் பாடத்தை அப்படியே தலைகீழா மாட்டி வச்சிருக்கானுங்க.

திரும்பிப் போலாம்னு பாத்தா, வந்த ஓட்டை மூடிக்கிச்சு. நான் பேயறைஞ்சவன் மாதிரி உக்காந்திருக்கேன், எதிர்ல கன்னங்கரேல்னு ஒரு கப்பல், நம்ம கப்பலைப் போல இருபது மடங்கு, இருட்டிலிருந்து அப்படியே எழும்பி வருது. பேரைப் படிச்சேன். நகவெட்டி. நீங்க இங்க வந்திருந்தப்ப சாப்பாட்டுல கையை வச்சுக்கிட்டே திட்டினீங்களே, அதே நகவெட்டி. நீங்க திட்டின திட்டுல உங்க மனைவிக்குப் புரையேறி எழுந்து போனாளே, அந்த நகவெட்டி. உடனே கம்ப்யூட்டர் கீங் கீங்னு அலற ஆரம்பிச்சுது, உங்க அத்தை ஃபிரிட்ஜ் கதவு திறந்திருக்குன்னு சமையலறைக்கு ஓடினா. எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்ல, மாப்பிள்ளை முகத்துல எப்படி முழிப்பேன், அது ஒண்ணுதான் மனசுல.

"யாரு அது?"ன்னு எழுதினான். "வணக்கம். ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். தாங்கள்?"ன்னேன். அப்புறம், "இங்க என்ன பண்றீங்க?" நான் ஒளிவு மறைவில்லாம சொல்லிட்டேன். "தம்பி, இது என் மாப்பிள்ளை கப்பல். சுடறதா இருந்தா என்னை இறக்கிவிட்டுட்டு என்னைச் சுடுங்க, கப்பலுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது." "மாப்பிள்ளைன்னா அவ்வளவு பயமா?"ன்னு கேட்டான். "பயம் இல்ல தம்பி. என் பொண்ணை அவர் கையில குடுத்தேன், கண் கலங்காம வச்சிருக்கார். அவர் குடுத்த ஒரு கப்பலை நான் ஒழுங்கா வச்சுக்க வேண்டாமா?" சட்டுன்னு, "ஒரு நிமிஷம் இருங்க, அடுப்புல பால்"னு போயிட்டான். கொள்ளைக்காரனா இருந்தாலும் பால் காய்ச்சித்தானே ஆகணும்.

உங்க அத்தை என் தோளைப் பிடிச்சு உலுக்கறா. "ஏங்க, அவன் எழுந்து போயிருக்கான், இப்பவே ஓடிப்போய் எங்கயாவது ஒளிஞ்சுக்குங்களேன்." எனக்கு மனசு வரல. "இருங்கன்னு மரியாதையா சொல்லிட்டுப் போயிருக்கான். சொல்லாம கொள்ளாம எப்படிக் கிளம்பறது?"ன்னு உக்காந்துட்டேன். அவன் திரும்பி வந்து, "அடப்பாவமே, இன்னும் இங்கயேவா இருக்கீங்க?"ன்னான். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான். அவனும் மாட்டிக்கிட்டு இருக்கான். அவன் வந்த வழியும் மூடிப் போச்சு. பீரங்கி எட்டு வச்சிருக்கான், தேடற உருண்டை ஒண்ணுகூட இல்ல. "உங்ககிட்ட உருண்டை இருக்கா?" இருக்காவா? பதினாறு இருக்கு தம்பின்னேன். அந்த நேரத்துல எனக்கு இருந்த பெருமை, மாப்பிள்ளை, என்னைப் பிடிக்க முடியல.

தேடினேன். முதல்ல கிடைச்சது வெறும் கல்லு. அடுத்தது வாயுக் கூட்டம். என் கை ஆடற ஆட்டத்துல வட்டம் எங்கயோ போகுது. அவன் ஒரு தடவைகூடச் சலிச்சுக்கல. "பதறாதீங்க, நீங்களே பண்ணுங்க, நான் சொல்றேன். இன்னும் கொஞ்சம் இடது பக்கம். இப்ப சுருக்குங்க"ன்னு எழுதிக்கிட்டே இருந்தான். பொறுமையான ஆள். வெளிய போற ஓட்டை கிடைச்சுது. இந்தத் தடவை உருண்டைகளை ஒவ்வொண்ணா எண்ணிக் கூப்பிட்டுக்கிட்டுதான் கிளம்பினேன். அவன் முன்னாடி போய்ப் பாத்துட்டு, "யாரும் இல்ல, வாங்க"ன்னு கூப்பிட்டு, நம்ம துறைமுகம் வரைக்கும் காவலா கூடவே வந்தான். வாசல்ல வச்சு, "சாப்டீங்களா?"ன்னு கேட்டான். "ஆச்சு தம்பி, நீங்க?" "ஆச்சு. பிரஷர் மாத்திரை?" "போட்டாச்சு"ன்னேன். அவன் போனப்புறம்தான் இவனுக்கு எப்படி என் மாத்திரை தெரியும்னு யோசனை வந்துச்சு. என் வயசை வச்சு ஊகிச்சிருப்பான், கெட்டிக்காரப் பையன்.

ஆகவே மாப்பிள்ளை, அந்த நகவெட்டியைத் தாங்கள் இனிமேல் திட்டக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். நல்ல வீட்டில் வளர்ந்த பிள்ளை. தங்கள் கப்பலைத் துறைமுகத்தில் பூட்டி வைத்திருக்கிறேன். என் உயிர் உள்ளவரை அதை இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டேன், இது சத்தியம். இதையெல்லாம் எங்கள் மகளிடம் சொல்லி அவளைக் கலவரப்படுத்த வேண்டாம். பாவம், அவளுக்கு எப்போது போன் செய்தாலும் மீட்டிங், எந்நேரமும் காதில் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்று தாங்களே வருத்தப்பட்டீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். இருவரும் எல்லா நலமும் பெற்று, போன வழியே திரும்பி வரும் பாக்கியத்தோடு நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: உறையில் பசை தடவிக்கொண்டிருக்கும்போது மகள் வீடியோ காலில் வந்தாள். ஐந்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் சிரித்தாள். அப்புறம், "ஆள் உள்ளே இருக்குன்னு படிச்ச உடனே பீரங்கியில இருந்து கையை எடுத்துட்டேன்ப்பா. உலகத்துல வேற யாரு அப்படிச் சொல்லுவாங்க?" என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன். தாங்களும் உட்கார்ந்துகொண்டு படிக்கவும். ஆரம்பத்தில் தாங்கள் அவளுக்கும் சொல்லிக்கொடுத்தீர்களாம், மௌஸைக் கையில் கொடுக்கவே இல்லையாம். அதனால் தானே தனியாகக் கற்றுக்கொண்டாளாம். கற்றுக்கொண்டதைத் தங்கள் கப்பல்கள் மேலேயே பரீட்சை பார்த்தாளாம். அதோடு நின்றிருந்தால் மேலே நான் செய்த சத்தியம் தப்பியிருக்கும். "அப்பா, அவர் அந்த முதல் கப்பலை என் கண்ணுல காட்டினதே இல்ல. ஒரே ஒரு தடவை ஓட்டிட்டுத் தரேன்ப்பா" என்றாள். அவள் கேட்டு நான் எதை இல்லை என்றிருக்கிறேன்? கொடுத்துவிட்டேன். பாத்துக்கம்மா என்றேன். தங்களைப் போலவே பத்து தடவை தலையாட்டினாள். அரை மணி கழித்து மறுபடி போன். ஓட்டைக்குள்ளே போய்விட்டாளாம், ஓட்டை மூடிவிட்டதாம், உருண்டைகளை வெளியிலேயே மறந்துவிட்டாளாம். என் பெண்தான், சந்தேகமே இல்லை. போய்க் கூட்டிவர எனக்கு இப்போது கப்பல் கிடையாது. தபாலில் போட்டால் நாளாகும் என்று இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்துத் தங்கள் போனுக்கே அனுப்புகிறேன். என் பெண்ணும் தங்கள் கப்பலும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு இருப்பதால், மாப்பிள்ளை, இரண்டும் தங்கள் பொறுப்பு. எழுந்து போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தட்டவும். மீட்டிங் என்பாள், நம்ப வேண்டாம். உள்ளே போனதும் எது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், மௌஸை மட்டும் அவள் கையிலேயே விட்டுவிடுங்கள்.