பாலத்தடி இடைவெளி அத்தியட்சகர்

பட்டினத்துத் தெருவுக்கு மேலாக றெயில் போவதற்கு வெள்ளைக்காரன் ஒரு சின்னப் பாலம் கட்டினான். கட்டியபோது பாலத்துக்கும் தெருவுக்கும் நடுவே பதினோரடி இருந்தது. இதை றெயில் கந்தோரும் ஒப்புக்கொள்கிறது, றோட்டுக் கந்தோரும் ஒப்புக்கொள்கிறது. இரண்டும் ஒப்புக்கொண்ட வேறு விஷயம் கிடையாது.

பாலம் கட்டிய இடத்திலேயே இருந்தது. தெரு அப்படி இருக்கவில்லை. மந்திரி வந்தால் அதற்குத் தார் போட்டார்கள். வருவதாகச் சொல்லி வராமல் விட்டாலும், வந்திறங்கிய தாரைத் திருப்பி அனுப்ப விதியில்லாதபடியால் போட்டார்கள். ஐம்பத்தாறுக்குப் பிறகு தேர்தல்களும் அடிக்கடி வந்தன. தெரு வளர்ந்தது.

மயிலிட்டிச் செல்வரட்ணத்துக்கு இந்த வரலாறு தெரியாது. தன் மீன் லொறியின் கூரை பத்தரை அடி என்பதும், ஏழு மணிக்கு முன் சந்தைக்குப் போகாத மீனை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதும்தான் அவருக்குத் தெரியும். 1961 வைகாசியில் ஒரு காலை, லொறி பாலத்துக்குக் கீழே போய் இறுகியது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. சைக்கிள் கடைக்காரர் வந்து எல்லா ரயர்களிலும் காற்றை இறக்கிவிட, லொறி பெருமூச்சு விட்டுக்கொண்டு வெளியே வந்தது. மறுநாளும் அப்படித்தான். சுற்றிப் போனால் சந்தை முடிந்துவிடும். இனியும் பிந்தினால் மீனை வேறு லொறியில் ஏற்றப் போவதாக மீனுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் சொல்லிவிட்டார்.

செல்வரட்ணம் றெயில் கந்தோருக்குப் போனார். பாலம் ஓர் அங்குலமும் இறங்கவில்லை என்று படம் விரித்துக் காட்டினார்கள். றோட்டுக் கந்தோருக்குப் போனார். ஓவசியர் சிவசுப்பிரமணியம் மரியாதையாகக் கதிரை காட்டி இருக்கச் சொல்லிவிட்டு, றோட்டும் உயரவில்லை என்றார்.

"தார் போட்டனீங்களெல்லோ, ஐயா?"

"ஓம். ஏழு தரம்."

"எதுக்கு மேலை போட்டனீங்கள்?"

"றோட்டுக்கு மேலை."

"அப்ப றோட்டு உயர்ந்திருக்குமே."

"உயர்ந்தது தார். றோட்டு அதுக்குக் கீழை, வைச்ச இடத்திலைதான் கிடக்கு. வேணுமெண்டால் கிண்டிப் பாருங்கோ. கிண்டினால் வழக்குப் போடுவம்."

கொழும்புக்குப் பெற்றிசம் எழுதி முறையிட்டார். சிங்களத்தில் பதில் வந்தது. சிங்களவரான பேக்கரி முதலாளியைக் கொண்டு வாசிப்பித்தார். பெற்றிசம் விளங்கவில்லை, ஆயினும் நடவடிக்கை எடுக்கப்படும் என்றிருந்தது.

சொன்னபடி இரண்டு கந்தோரும் கூட்டாகப் பரிசோதிக்க வந்தன. லொறி வழக்கம்போல் இறுகி நிற்க வேண்டும், அறிக்கையில் ஒப்பம் விழும்வரை காற்றை இறக்கக்கூடாது என்று கட்டளை. உள்ளே பாரையும் விளைமீனும் இருந்தன. ஒன்பது மணிக்கு ஐஸ் ஒழுகத் தொடங்கியது. பத்து மணிக்கு அதிகாரிகள் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு அளந்தார்கள். பதினொன்றுக்குத் தேத்தண்ணீர் குடிக்கப் போனார்கள். மூன்று மணிக்கு அறிக்கை முடிந்தது:

"பாலம் உரிய இடத்தில் உளது. தெரு உரிய இடத்தில் உளது. குறைபாடு யாவும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்திலேயே காணப்படுகின்றது. மேற்படி வெற்றிடம் எக்கந்தோருக்கும் உரியதன்று. ஆகவே அதற்கென ஓர் அத்தியட்சகர் நியமிக்கப்படல் வேண்டும்."

மீனைப் பனங்காணிக்குள் குழி வெட்டித் தாட்டார்கள். சம்மாட்டியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆறு மாதத்தில் லொறியும் கைவிட்டுப் போயிற்று.

அப்போதுதான் அந்தப் பதவிக்கு விண்ணப்பம் கோரினார்கள். பென்சன் உண்டு. தகைமை: இடைவெளியில் முன் அனுபவம். மனைவி பத்மாசினி சொல்லச் சொல்லச் செல்வரட்ணம் விண்ணப்பம் எழுதினார். நாடு முழுவதிலுமிருந்து வந்தது அந்த ஒன்றுதான்.

பாலத்தடியில், தெருவோரமாக, மேசையும் கதிரையும் அளவுகோலும் இடாப்பும் கொடுத்தார்கள். காலையில் அளந்து இடாப்பில் பதிய வேண்டும். காலையில் அளந்தது சரிதானா என்று பின்னேரம் அளந்து எழுத வேண்டும். மீன் மணக்கிறதென்று பத்து வருடமாக வீட்டுப் படியேறாத மைத்துனர் பஞ்சலிங்கம் ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு வந்து, "அத்தானுக்கு இப்பதான் முகத்திலை ஒரு களை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் மாதமே செல்வரட்ணம் உண்மையாக ஒரு கடிதம் எழுதினார்: தாரைக் கிண்டினால் இடைவெளி சரியாகிவிடும். இடைவெளி சரியாகிய பின் அத்தியட்சகருக்கு என்ன வேலை இருக்கும் என்று விளக்கம் கேட்டுப் பதில் வந்தது. அதன் பிறகு அவர் அப்படி எழுதவில்லை.

தார் ஏறிக்கொண்டிருந்தது. எழுபதுகளில் அடியை விட்டு மீற்றருக்கு மாறச் சொன்னார்கள். அந்த வாரம் இடாப்பில் பத்தாக இருந்த இடைவெளி மூன்றாகக் குறைந்ததற்குக் கொழும்பு மிகுந்த கவலை தெரிவித்தது.

எழுபத்தொன்பதில் ஒரு காலை, மயிலிட்டி மீனோடு வந்த லொறி ஒன்று பாலத்துக்குள் இறுகியது. இறங்கி வந்தவன் கனிசியஸ் என்ற இளம் சாரதி.

"அண்ணை, ஏழு மணிக்குள்ளை சந்தையிலை நிக்கவேணும். இடைவெளி குறைஞ்சு போச்சு. இந்தத் தாரை ஒரு அடி கிண்டிவிட்டால் காணுமே."

செல்வரட்ணத்தின் பென்சனுக்கு இன்னும் பதினொரு மாதம் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லொறியைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார், இடாப்பைத் திறந்தார்.

"குறையேல்லைத் தம்பி. உம்முடை லொறி உள்ளுக்கை நிக்கிறபடியால் நிரம்பியிருக்கு. அதை எடுத்தீரெண்டால் இடைவெளி திரும்ப வந்திடும்."

லொறியின் பின்கதவால் ஐஸ் தண்ணீர் ஒழுகித் தாரில் ஓடி, மேசைக் காலை நனைத்தது. செல்வரட்ணம் இந்த உத்தியோகத்துக்கு வந்த விதம் மயிலிட்டியில் தெரியாதவர் இல்லை. கனிசியஸ் மேசையைப் பார்த்தான். கதிரையின் முதுகில் தொங்கிய கோட்டைப் பார்த்தான். ரயரில் காற்றிறக்கக் குனிந்த சைக்கிள் கடைக்காரரைக் கைகாட்டி நிறுத்தினான்.

"அண்ணை," என்றான் மெதுவாக, "எத்தினை மணித்தியாலம் இறுகி நிண்டால் முன் அனுபவமாய் எடுப்பினம்?"