மாமாவிடம் நான் பார்க்காமல் விட்டது

தோல் மருத்துவருக்கு ஒரு வசதி உண்டு. இருதய மருத்துவரைப் போல உள்ளே என்ன நடக்கிறதென்று ஊகிக்க வேண்டியதில்லை. நோய் வெளியிலேயே இருக்கும். உடையைக் களையச் சொல்லிப் பார்த்தால் போதும். நான் சொல்லவில்லை, பார்க்கவுமில்லை. அந்தக் கேவலத்தைத்தான் எழுதப் போகிறேன்.

அப்போது மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு மருத்துவமனையின் தோல் பிரிவில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. (மூன்று மாதம் முடித்த டாக்டருக்குத் தெரியாத நோய் உலகத்திலேயே கிடையாது. வருடங்கள் ஆக ஆகத்தான் தடுமாற்றம் வரும்.) ஜெரோமுக்கும் எனக்கும் கல்யாணம் பேசி முடிக்க, என் வீட்டாரோடு ஆயர் தாவாரில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பலகாரத் தட்டு காலியானதும் ஜெரோமின் அம்மா லூர்து அத்தை, வீட்டுக்கே டாக்டர் வந்திருக்கும்போது காட்டாமல் இருப்பார்களா என்று கணவரை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

அருளப்பன் மாமா எஸ்டேட்டில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். சட்டையை நாலு விரல் அளவுக்குத் தூக்கினார். இடுப்போரத்தில் லேசாகச் சிவந்து, செதில் உதிரும் ஒரு திட்டு.

"வேற எங்கயும் இருக்கா மாமா?"

"கீழ கொஞ்சம் இருக்கு மா," என்றவர் சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்தார். நானும் மாதாவைப் பார்த்தேன். வருங்கால மாமனாரிடம், அதுவும் தேதி குறிக்கும் நாளில், அதற்குமேல் என்ன கேட்பது? கீழேயும் இதே மாதிரிதான் இருக்கும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். படர்தாமரை என்று அறிவித்து, ஒரு களிம்பின் பெயரை எழுதிக் கொடுத்தேன். பூஞ்சையைக் கொல்லும் மருந்தோடு அரிப்பை அடக்கும் ஸ்டீராய்டும் கலந்த களிம்பு அது.

ஸ்டீராய்டு தன் வேலையைச் செய்தது. திட்டு மங்கியது, என் புகழ் ஓங்கியது. கோப்பிக் கடையில் மாமா அந்தக் களிம்பைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நண்பர்களுக்குக் காட்டுவாராம். கல்யாணம் நடந்தது. விட்டால் திரும்பி வருகிறது என்று மாமா களிம்பை விடாமல் பூசிக்கொண்டே இருந்தார். எனக்கு மட்டும் சொல்லவில்லை. மருமகள் மனசு வருத்தப்படுமே என்று.

ஒரு வருடம் கழித்து ஒரு புதன்கிழமை. எங்கள் ஸ்பெஷலிஸ்ட், அதிர்ந்து பேசாத ஒரு மலாய்க்கார அம்மையார், அருமையான கேஸ் வந்திருக்கிறது, எல்லாரும் வாருங்கள் என்று இளம் டாக்டர்களை அழைத்தார். திரைக்குப் பின்னால் பச்சை அங்கி போட்ட ஒருவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். ஸ்பெஷலிஸ்ட் அங்கியை விலக்கினார். கீழ்முதுகு, பின்பக்கம், தொடையின் உட்புறம் என்று வெயில் படாத இடங்களிலெல்லாம் திட்டுகள்.

"முன்னமே யாராவது இங்கே பார்த்திருந்தால் இவ்வளவு தாமதமாகியிருக்காது," என்றார். நான் பலமாகத் தலையாட்டினேன். (மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.) இதுவரை என்ன பூசினீர்கள் என்று நோயாளியிடம் மலாயில் கேட்டார். நோயாளி திரும்பினார். அருளப்பன் மாமா.

அன்று நான் ஒரு பயிற்சிக்குப் போவதாக இருந்தது. ஜெரோம் மூலம் அதைத் தெரிந்துகொண்டுதான், கார் பழுதுபார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் மனிதர். பயிற்சி ரத்தானது அவருக்குத் தெரியாது. என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு ஸ்பெஷலிஸ்டிடம், பெயர் ஞாபகமில்லை, ஏதோ களிம்பு, தானாகக் கடையில் வாங்கியது என்றார். வாழ்நாளில் அவர் சொன்ன பொய்களை எண்ண ஒரு கை போதும். அதில் ஒன்றை எனக்காகச் செலவழித்தார்.

நான் ஓரடி முன்னால் வந்தேன். "டாக்டர், அந்தக் களிம்பை எழுதிக் கொடுத்தது நான்தான். இவர் என் மாமனார்."

ஏன் முழுசாகப் பார்க்கவில்லை என்று ஸ்பெஷலிஸ்ட் கேட்டார். அன்றைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம் என்றேன். அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். கோபத்தை அடக்குகிறார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்; சிரிப்பையாம்.

தோலைச் சிறிது வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று பதில் வந்தது. அன்று காலைகூட மாமா என் களிம்பைப் பக்தியோடு பூசிக்கொண்டு வந்திருந்தார். நோயை மறைக்கும் வேலையை அது கச்சிதமாகச் செய்திருந்தது. நாலு வாரம் எதுவும் பூசாமல் இருந்து மறுபடி வெட்டினார்கள். அவர்கள் சந்தேகப்பட்டது லிம்ஃபோமா, வெள்ளணுக்களில் வரும் புற்றுநோய்; தோலில் தொடங்குவதிலேயே ஏகப்பட்ட வகை. எந்த வெள்ளணு கெட்டது, எங்கே கூடி நிற்கிறது, உடம்பில் திட்டு எப்படிப் படர்ந்திருக்கிறது, எல்லாம் பொருந்தினால்தான் பெயர் வைக்க முடியும். அந்த நாலு வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. தாமதத்தால் நோய் முற்றியிருந்தால் அந்த வீட்டில் எந்த முகத்தோடு சோறு போட்டுச் சாப்பிடுவேன்?

முடிவு வந்தது. மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ். ஆரம்ப நிலை. இரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் எதுவுமில்லை. மாமாவுக்கும் அத்தைக்கும் நானே சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆயர் தாவார் வீட்டில், அதே மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்து சொன்னேன். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் அத்தை மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மெதுவாகப் போகும் வகை, ஒளி சிகிச்சையில் அடங்கும், இந்த நிலையில் பலர் நீண்ட காலம் நன்றாக இருக்கிறார்கள் என்றேன். நான் செய்த தவறையும் மறைக்காமல் சொன்னேன்.

மாமா நோயின் பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"ஃபங்காய்டிஸ்னா ஃபங்கஸ் தானே மா?"

"இல்ல மாமா. முத்தினா காளான் மாதிரி கட்டி வருமாம். அந்தக் காலத்துல யாரோ அப்படிப் பேரு வெச்சிட்டாங்க. பூஞ்சைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"பேர்லயே இருக்கு லா," என்று அத்தை பக்கம் திரும்பினார். "நம்ம பொண்ணு மொதல் நாளே கரெக்டாதான் சொல்லியிருக்கு. ஈப்போக்காரங்களுக்குத்தான் ஒரு வருஷம் ஆச்சு."

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அத்தை அன்றிலிருந்து வீட்டில் காளான் சமைப்பதை நிறுத்திவிட்டார். சம்பந்தமில்லை என்று இன்றுவரை விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

மாமா பல மாதம் ஒளி சிகிச்சை எடுத்தார். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆளுயர விளக்குப் பெட்டிக்குள் ராஜா மாதிரி நிற்பார். இப்போது திட்டுகள் அடங்கிவிட்டன. தவறாமல் பரிசோதனைக்கு வருகிறார், ஆனால் என்னிடமில்லை.

என் மகளின் ஞானஸ்நான விருந்தில், பாரிட் புந்தாரிலிருந்து வந்த சித்தப்பா ஒருவர் முழங்கையைச் சொறிந்தபடி என்னருகே வந்தார். மாமா அவர் தோளில் கை போட்டு, மண்டபமே கேட்கும்படி சொன்னார்: "தம்பி, கைய மட்டும் காட்டிட்டுப் போலாம்னு நெனைக்காத. எங்க மருமக இப்பல்லாம் மேலயிருந்து கீழ வரைக்கும் பார்க்காம மருந்து எழுதாது."

சித்தப்பா பிரியாணி வரிசைக்குத் திரும்பிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த ஆணுக்கும் அரிப்பே வருவதில்லை.