அணைய மறுத்த கம்ப்யூட்டரும் மேஸ்திரி அக்காவும்

பெங்களூரில் கம்ப்யூட்டரைப் போடத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அதை முறையாக அணைக்கத் தெரிந்தவர் நான் அறிந்து ஒருவர்தான்: மேஸ்திரி அக்கா.

ஸ்ரீராம்புரத்தில் கல்யாணப் பத்திரிகையும் அஞ்சலி போஸ்டரும் அடிக்கும் சின்ன அச்சகத்தில் நான் பிழை திருத்தினேன். அக்கா அங்கே தமிழ் டைப்பிஸ்ட். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருவார். முதலாளி செல்வராஜ் உட்பட எல்லோரையும் வேலை வாங்குவார் என்பதால் அந்தப் பெயர். டீக்கடைக்காரர் டம்ளரைக் கீபோர்டு பக்கத்தில் வைத்தால், "ஏம்ப்பா, அதுக்கும் சேத்தா கொண்டாந்த?" என்பார்.

அவருடைய கம்ப்யூட்டர் கிழடு. பழைய தமிழ் எழுத்துரு அதில் மட்டும்தான் ஓடும். அக்காவின் விரல்கள் பழகியிருந்ததும் அதற்கு மட்டுமே. அது போனால் அக்காவின் வேலையும் போகும்.

அந்தக் கிழடுதான் போன மழைக்காலத்துக்குப் பிறகு திடீரென்று அணைய மறுத்தது. மாலையில் 'ஷட் டவுன்' கொடுத்தால் திரையில் ஒரு வட்டம் சுற்றும். டீ குடித்துவிட்டு வந்தாலும் சுற்றும். பத்திரிகைக் கட்டை வீடு தேடிக் கொடுத்துவிட்டு வந்தாலும் சுற்றும். பட்டனை அழுத்திப் பிடித்தால் தீர்ந்தது என்று நான் விரலை நீட்டினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கைய எடுங்க சார். உள்ள எவனோ இன்னும் மேல வரல."

"உள்ள ஆளா இருக்காங்க அக்கா?"

"வேல இருக்குதுல்ல? பாதியில கரெண்ட புடுங்குனா அது கதி இன்னா?"

அவருடைய அப்பாவுக்குத் தங்கச் சுரங்கத்தின் வாசலில் வேலை. இறங்குகிறவர் ஒவ்வொருவரும் ஒரு பித்தளை வில்லையை எடுத்துப்போய், மேலே வந்ததும் பலகையில் திரும்ப மாட்ட வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் அப்பா வீட்டுக்குப் போகமாட்டாராம். மகளும் போகவில்லை. ரயில் போகும், அக்கா போகமாட்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வட்டத்தைப் பார்த்து, "வா ராஜா, மெதுவா வா, நான் இருக்கேன்" என்பார். எப்போதோ அது தானாக அணையும். "ஆய்த்து" என்று கன்னடத்தில் முடித்துக்கொண்டு அடுத்த வண்டிக்கு ஓடுவார். கோபக்காரப் பத்திரிகையாசிரியர்கள் பலரிடம் வேலை பார்த்தவன் நான். அக்காவின் முதுகைப் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலாக எழுந்து நிற்கத் தோன்றியது.

கடையைப் பூட்ட முடியாத செல்வராஜுக்கு அந்தப் பக்தியெல்லாம் இல்லை.

"மேஸ்திரி, சனிக்கிழமை இத சிவாஜிநகர் பழைய சாமான் கடையில போட்டுர்றேன். புதுசுல அடிக்க வேற ஆளு பாத்துக்கறேன்."

"போடுங்க சார். ஒழுங்கா அணைச்சிட்டுப் போடுங்க. உயிரோட தூக்கிப் போடாதீங்க."

அக்காவின் குரல் அன்று முதல்முறையாக இறங்கியது.

சனிக்கிழமை புதியதைப் பொருத்த, வைட்ஃபீல்டு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் செல்வராஜின் தங்கை மகன் வினோத் வந்தார். பழையதை அணைக்கப் பார்த்தார். வட்டம் சுற்றியது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அது அணையும்வரை காத்திருந்து, மறுபடி போட்டு, எதையெதையோ திறந்தார்.

"மாமா, பழைய பிரிண்டருக்கு ஒரு வேல அனுப்பியிருக்கீங்க. அது இன்னும் வரிசையில நிக்குது. பிரிண்டரே இல்லன்னு பாவம், இதுக்குத் தெரியல. அதான் அணையாம காத்துட்டிருக்கு. அழிச்சிடவா?"

"யாருதுன்னு பாக்காம அழிக்காத தம்பி" என்றார் அக்கா.

வினோத் பெயரைப் படித்தார். "செல்வராஜ் சார் அஞ்சலி."

அக்கா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

போன மழைக்காலத்தில் செல்வராஜ் மயங்கி விழுந்தார். மருத்துவமனையிலிருந்து மைத்துனர் போனில் அலறினார்: "முடிஞ்சிருச்சு! போஸ்டர் போடுங்க!" போஸ்டர் தாமதமானால் போனவருக்கு மரியாதைக் குறைவு என்பது எங்கள் தெருவின் சட்டம். அக்கா அழுதுகொண்டே அடித்தார். நான் அழுதுகொண்டே பிழை திருத்தினேன். பிரிண்டர் காகிதத்தைத் தின்று நின்றுவிட்டது. அதே நேரம் அடுத்த போன்: கண் விழித்து இட்லி கேட்கிறாராம். பிரிண்டரின் ஒயரைப் பிடுங்கினோம். அது பிறகு பிழைக்கவில்லை; வேறு பிரிண்டர் வந்தது. செல்வராஜிடம் யாரும் மூச்சு விடவும் இல்லை.

"தெற" என்றார் செல்வராஜ்.

திரையில் மாலைக்கு நடுவே அவர் முகம். நிதானமாகப் படித்தார்.

"'என்றும் சிரித்த முகம்'னு போட்டிருக்கே மேஸ்திரி. நான் என்னிக்கு சிரிச்சேன்?"

"நல்லதா ஒண்ணு போடணும்ல சார். வேற கெடைக்கல."

அச்சகத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"இத்தன நாளும் இத வெளிய வுடாமயா புடிச்சு வெச்சிருந்துது?"

அவரே பட்டனைத் தட்டி அதை அழித்தார். பிறகு 'ஷட் டவுன்'. வட்டம் சுற்றத் தொடங்குவதற்குள் திரை இருண்டது. செல்வராஜ் அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"வினோத், புதுச என் டேபிள்ல வை. இது இங்கயே இருக்கட்டும். மேஸ்திரியும்தான்."

திங்கட்கிழமை மாலை கம்ப்யூட்டர் சொன்னவுடன் அணைந்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரமாக அக்கா பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"உக்காருங்க மேஸ்திரி, அடுத்த வண்டியில போலாம்" என்றார் செல்வராஜ். நான் சொல்ல வாயெடுத்ததும் அதைத்தான்.