முன்னாடி பார்த்த மெக்கானிக்

கோயமுத்தூர்க்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் காதைச் சாய்த்து, கண்ணை மூடி, "பேரிங் போயிருச்சுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவான். பாதி ஊர் பம்புசெட் செய்கிறது. மீதிப் பாதி அதை வேடிக்கை பார்த்தே எக்ஸ்பர்ட் ஆகிவிட்டது. நான் மீதிப் பாதி. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன். ஸ்குரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்பது வரைக்கும் தெரியும்.

மாமனார் கொடுத்த பழைய கார் திடீரென்று ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் "கீ...ச்" என்று கத்த ஆரம்பித்தது. சூலூரிலிருந்து வந்திருந்த மாமனாருக்கு முன்னால் பானெட்டைத் தூக்கி, காதைச் சாய்த்து, "பேரிங்" என்றேன்.

"மெக்கானிக்கிட்ட ஒருக்கா காட்டிரலாங்களா மாப்ள?"

"எதுக்குங்க மாமா, நானே பாத்துக்கறேன்."

"நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்."

(மாப்பிள்ளை சொல்வது தப்பு என்று எங்கள் பக்கம் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கியது.)

இரண்டு வாரம் நான் ஒன்றையும் பார்க்கவில்லை. மச்சான் பிரபுவின் கல்யாணம் வந்துவிட்டது. எங்களில் கல்யாணத்துக்கு முதல் நாள் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் கூடப்பிறந்தவள் நின்று செய்கிற சீர். அவள் இல்லாமல் அது நடக்காது. பிரபுவுக்கு இருக்கிற ஒரே அக்கா என் மனைவி சுதா. சாயங்காலம் ஆறு மணிக்குச் சூலூர் மண்டபத்தில் சீர். மூன்று மணிக்குப் பட்டுச்சேலையோடு அவள் காரில் ஏறினாள். சாவியைத் திருப்பினேன். கீ...ச்!

சத்தம் பெல்ட்டிலிருந்து வருவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மூளை வேலை செய்தது. கதவு கீச்சிட்டால் என்ன செய்கிறோம்? எண்ணெய் விடுகிறோம். வண்டியை அணைத்துவிட்டு, சுதாவின் பையிலிருந்த தேங்காயெண்ணெயை எடுத்து, பச்சைக்குழந்தைக்குத் தேய்ப்பதுபோலப் பெல்ட் முழுக்கத் தேய்த்தேன். மறுபடி ஸ்டார்ட் செய்தேன். சத்தம் நின்றுவிட்டது.

"அட, நெசமாவே நின்னுபோச்சுங்க!" என்றாள் சுதா. கல்யாணமாகி ஏழு வருசத்தில் அவள் என்னைப் பார்த்து வியந்தது அதுதான் முதல் தடவை. என் தலை காரின் கூரையில் இடித்தது.

காளப்பட்டியைத் தொடும்போது டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு சூடு காட்டுகிற முள் மேலே ஏறியது. பிறகு பானெட்டிலிருந்து இட்லிக் குண்டாவைத் திறந்ததுபோல ஆவி வந்தது. ஓரங்கட்டினேன்.

பிரபு போனில் கூப்பிட்டான். "அக்கா, எங்க வாரே? நீ வராம நான் மணையில உக்காரமாட்டேன்."

சுதாவின் கண்ணில் தண்ணீர். "எந்தம்பிக்கு நான் ஒருத்திதானுங்க இருக்கேன்," என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நல்லவேளை, கூப்பிடு தூரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப். அதை நடத்துகிற சுலைமான் பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். குனிந்தார். பெல்ட்டைத் தொட்டு விரலை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"ஏனுங்க, இதுல தேங்காயெண்ணெய் உட்டது யாருங்க?"

"அது... முன்னாடி பார்த்த மெக்கானிக்குங்க," என்றேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. பெல்ட்டு கொஞ்சம் லூசாயிருக்குது, அதான் கத்திருக்குது. போல்ட்டை ரெண்டு திருப்புத் திருப்பியிருந்தா முடிஞ்சுபோச்சுங்க. எண்ணெய் பட்டா வழுக்குமுங்க. பெல்ட்டு ஓடுனாத்தான் தண்ணி பம்பு ஓடும், அதான் சூடாயிருச்சு. அந்த ஆளை இனிமேல் வண்டிப்பக்கமே உட்டுராதீங்க."

உள்ளேயிருந்து சுதா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எப்படிங்ணா உடாம இருக்கறது? எங்கூட்லயேதான் குடியிருக்காரு."

பாய் என்னைப் பார்த்தார். நான் எதிரிலிருந்த வேப்பமரத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த மனுசன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

எண்ணெய் ஊறிய பெல்ட் இனிப் பிடிக்காது, மாற்றத்தான் வேண்டும்; இந்த அளவுப் பெல்ட் கடையில் இல்லை. டவுனிலிருந்துதான் வரவேண்டும் என்றார். மணி நாலேகால். சுதா சீரைப் பற்றிச் சொன்னதும், "இணைச்சீருக்குப் போற பொண்ணா? மொதல்லயே சொல்லக்கூடாதுங்களாம்மா!" என்று பதறினார். அவருடைய சொந்தக் காரும் இதே மாடல். அதிலிருந்து பெல்ட்டைக் கழற்றினார். எங்கள் எஞ்சின் ஆறும்வரை எண்ணெயைத் துடைத்தெடுத்து, பெல்ட்டை மாட்டி, இழுத்து முறுக்கி, தண்ணீர் ஊற்றி அனுப்பினார். அவருக்கு வீட்டுக்குப் போக வண்டியில்லை. "நான் பஸ்ஸுல போயிக்கறனுங்க, தம்பி காத்திருப்பான், பாத்துப் போங்க," என்றார்.

ஆறு அடிக்கப் பத்து நிமிசம் இருக்கும்போது மண்டபம் போய்ச் சேர்ந்தோம். அக்காவைப் பார்த்த பிறகுதான் பிரபு மணையில் உட்கார்ந்தான். சீர் முடிந்ததும் மாமனார் வழக்கமான மரியாதையோடு கேட்டார்: "வண்டி நல்லா வந்துச்சுங்களா மாப்ள?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுதா, "முன்னாடி பார்த்த மெக்கானிக்கை மாத்தியாச்சுங்கப்பா," என்றாள். அதற்குமேல் அவள் கதையை முழுதாகச் சொல்ல, பந்தியில் எனக்கு மட்டும் பாயசம் இறங்கவில்லை.

அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் நடுவில் என் பேர் அதுதான். சுலைமான் பாய்கூடப் போனில் "முன்னாடி பார்த்தவருங்களா?" என்றுதான் ஆரம்பிக்கிறார். போன வாரம் எங்கள் மிக்ஸி கரகரவென்று கத்தியது. நான் காதைச் சாய்த்துக்கொண்டு சோபாவிலிருந்து எழுந்தேன். சுதா தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.