நூறு லிட்டர் பழைய எண்ணெய்

பூமியைக் காப்பாற்றும் பொறுப்பை அந்த அலுவலகம் ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றே காலுக்கு ஏற்றுக்கொண்டது. பத்து மணிக்கே ஏற்றிருக்கும். தேநீர் வரத் தாமதமாகிவிட்டது.

தேநீர் கொண்டுபோன கேன்டீன் சமையல்காரர்தான் அந்த வரலாற்றுத் தீர்மானத்தைத் தன் காதாலேயே கேட்டார். இனி அலுவலக வண்டிகள் டீசலை முகர்ந்துகூடப் பார்க்காது. பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் சுத்திகரித்துச் செய்யும் 'பயோடீசல்'தான் ஊற்றப்படும்.

"மாசம் நூறு லிட்டர் பழைய எண்ணெய், உங்க பொறுப்பு," என்றார் மேலதிகாரி. "குடுத்துட்டீங்கன்னா உங்க வேலையை நிரந்தரம் பண்ணிடறேன்."

பதினோரு வருடமாகத் 'தற்காலிக'மாகவே இருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிஷமே பூமியின் மேல் அவருக்குத் தனிப் பாசம் பிறந்தது.

முதல் மாதம் மிஞ்சியது பதினெட்டே லிட்டர். மூன்று வேளையும் பொரித்ததையே போட்டுப் பார்த்தார். மருத்துவ விடுப்பு ஏறியது, எண்ணெய் ஏறவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு மேலதிகாரி முன் போய் நின்றார்.

"ஐயா, இதுக்கு மேல தின்ன ஆள் இல்ல. பேசாம புது எண்ணெயையே குடுத்துடவா?"

மேலதிகாரி பதறிப்போனார். "வெளிய சொல்லிடாதீங்க! புது எண்ணெய் சாப்பாட்டுப் பொருள். அதை எரிச்சா பாவம். பழைய எண்ணெய் கழிவு. அதை எரிச்சா சேவை."

"புதுசு எப்பய்யா பழசாகும்?"

"விதி ஏழு. ஒரு தடவை காய்ச்சியிருந்தா போதும்."

இவ்வளவு தெளிவான விதியை எழுதியவரை எத்தனை பாராட்டினாலும் தகும். மறுநாள் முதல் பெரிய வாணலி அடுப்பேறியது. புது எண்ணெயை ஊற்றி, உள்ளே ஒன்றுமே போடாமல், புகை கக்கும் வரை காய்ச்சி இறக்கினார் சமையல்காரர். இரண்டே மணி நேரத்தில் எண்ணெய், உணவு நிலையிலிருந்து கழிவு நிலைக்கு 'உயர்ந்தது'.

ஒரே ஒரு சின்ன விஷயம் அவர் மனதை உறுத்தியது. அதையும் போய்ச் சொன்னார்.

"ஐயா, நம்ம கேன்டீன் அடுப்பு டீசல்ல எரியுது. நாள் பூரா எரியறதால, முன்ன வண்டிங்களுக்கு ஊத்துனதைவிட அதிகமா ஆகுது."

"அந்த டீசல் வண்டியில போகுதா?"

"இல்லீங்க, அடுப்புல."

"அப்ப அது வேற பைல்."

வீட்டில் மனைவிக்கு மட்டும் இந்தச் சேவையின் மகிமை புரியவில்லை. "ஆள் உள்ள வர்றதுக்கு முன்னாடி புகை நாத்தம் வருது. ராப்பகலா இருமறீங்க. விட்டுத் தொலைங்களேன்!"

"கொஞ்சம் பொறுத்துக்கோ. நிரந்தரமாயிட்டா வைத்தியச் செலவை ஆபீஸே பாத்துக்கும்."

மூன்றாம் மாதம் நூறு லிட்டர் நிறைந்தது. நாலாம் மாதம் அலுவலகத்துக்குப் 'பசுமை விருது' கிடைத்தது. "எங்கள் வண்டிகளில் ஒரு சொட்டு டீசல் கிடையாது!" என்று மேடையில் முழங்கினார் மேலதிகாரி. கடைசி வரிசையில் சமையல்காரர்தான் எல்லாரையும்விட ஓங்கிக் கைதட்டினார். இருமல் வந்ததால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

மறுநாள் அவர் பெயருக்கு ஓர் உறை வந்தது. நிரந்தர ஆணை என்று கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு பிரித்தார்.

'இவ்வலுவலகத்தில் இன்னமும் டீசல் உபயோகிக்கும் ஒரே நபர் தாங்கள்தான் என்பது ஆய்வில் தெரியவந்துள்ளது. விருதுக்குக் களங்கம் விளைவிக்கும் தங்களை ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது என்பதற்கு விளக்கம் தரவும்.'

இரண்டு தடவை படித்தார். அடுப்பை அணைத்துவிட்டு நேராக மேலதிகாரியின் அறைக்குப் போனார்.

"என்ன, விளக்கம் எழுதியாச்சா?"

"எழுத என்னய்யா இருக்கு? பதினோரு வருஷம் என்னையும் காய்ச்சியாச்சு. விதி ஏழுப்படி நான் இப்ப கழிவு. தாராளமா எரிங்க, பாவம் சேராது."